கலர் ஆபீஸர்

"இது நம்ம யுனிவர்சிட்டி மஞ்சளே இல்லீங்க!"

வந்ததும் வராததுமாகத் திரையில் விரலை வைத்தான் அவன். பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பிரிவில் வேலை. எந்த வரைபடம் வெளியே போனாலும், பல்கலைக்கழகத்துக்கென்று வகுத்த நீலமும் மஞ்சளும் இம்மி பிசகாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவன் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் அவன் 'கலர் ஆபீஸர்'.

"ஐயோ, மறுபடியும் தப்பா?" புள்ளிவிவரப் பிரிவில் மாணவர் கணக்குகளை வரைபடமாக்கும் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மஞ்சளுக்கு அடிக்கிற கலர் நம்பர்ல ஒண்ணு மாறிப்போச்சு. இப்பப் பாருங்க!"

திரை பளிச்சென்று மாறியது. அவள் எங்கே திரையைப் பார்த்தாள்? அவன் வரும் நாள்தான் அவளுக்கு நாள்.

பக்கத்து இருக்கை அக்கா செருமினாள். "அடிக்கடி மூணு மாடி ஏறி வர்றீங்களே தம்பி, கால் வலிக்கலையா?"

"இனிமே வலிக்காதுக்கா!" அவன் குதிக்காத குறைதான். "நம்ம நிறங்களை மொத்தமா சாஃப்ட்வேர்லயே ஏத்திடறேன். ஒரே கிளிக், எல்லா வரைபடமும் சரியான நிறத்துல வந்து நிக்கும். யாரும் நம்பரே அடிக்க வேண்டாம். தப்பு வர வழியே இல்லை!"

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "அப்போ நீங்க இங்க வர மாட்டீங்களா?"

"வேலை இல்லாம எதுக்குங்க வரணும்?"

அவளை எழுப்பிவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்து படபடவென்று தட்டினான். "முடிஞ்சது! ஒரு வரைபடம் போட்டுப் பாருங்க" என்றவன் நிற்காமல் படியிறங்கிவிட்டான். என்ன சந்தோஷம் அந்த முகத்தில்! அவளுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சும்மா போட்டுத்தான் பாரேன்டி" என்றாள் அக்கா.

வேண்டாவெறுப்பாகக் கிளிக் செய்தாள். நீலம் சரி. மஞ்சள்... கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். கை தானாகத் தொலைபேசியை எடுத்தது.

"சார், நீங்க ஏத்தின மஞ்சள் தப்பா இருக்கு!"

"தெரியும். உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் வேணும்னேதான் மாத்தி வெச்சேன், இத்தனை நாளா நீங்க வேணும்னே மாத்தி வெச்ச மாதிரி. இப்ப ஏறி வரட்டுமா?"