நாலாவது பிரதி

"எதுவும் தேறாது சார்" என்று கடைக்காரர் ஹார்டு டிஸ்கை மேசைமேல் வைத்தார். மகள் தவழ்ந்தது, நடந்தது, முதலில் பேசியது என எல்லா வீடியோக்களும் அதில்தான் இருந்தன. போனில் இடமில்லையென்று வான்மதி அவற்றைக் கணவனிடம் ஒப்படைத்துவிட்டு அழித்திருந்தாள். தணிகாசலமோ யாரும் அச்சிட முன்வராத தன் நாவலை மட்டும், பூனை குட்டியைத் தூக்கி அலைவதுபோல, மெயிலிலும் பென் டிரைவிலும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் பதுக்கியிருந்தான்.

"உங்க நாவல்?" என்றாள் பக்கத்தில் நின்ற வான்மதி, கண்ணைத் துடைத்தபடி.

இருக்கிறது என்று சொல்ல வாய் கூசியது. "அதுவும் போச்சு."

அவள் அவன் கையைப் பிடித்தாள். "போகலைங்க. படிக்கக் கொடுத்தன்னைக்கே என் மெயில்ல ஒண்ணு போட்டு வெச்சேன். உங்களுக்குத்தான் எதையும் பத்திரப்படுத்தத் தெரியாதே!"

"கொடுத்து வெச்சவரு சார் நீங்க" என்றார் கடைக்காரர்.

தணிகாசலம் தலையாட்டிக்கொண்டே, மேசையில் இல்லாத தூசியைத் துடைக்கத் தொடங்கினான்.