மணலில் இறங்கியவன்

"ஐயையோ, மணல்ல இறங்கிட்டான்! தலைவரே, மணல்ல இறங்கிட்டான்!"

தோட்டச் சங்கத்து தொமிகோ போட்ட கூச்சலில், தாழ்வாரத்தில் கண்ணை மூடி அமைதியை அனுபவித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் விழித்துக்கொண்டார்கள்.

ஜப்பானில், கியோட்டோ நகரத்து அந்தப் புத்தர் கோயிலின் பெருமையே கல் தோட்டம்தான். நாலைந்து பாறை, மிச்சமெல்லாம் வெள்ளை மணல். அதில் தலை வாரினமாதிரி கோடு கோடாக இழுத்து வைத்திருப்பார்கள். பூனைகூட அதில் கால் வைக்காது என்பார் தோட்டப் பாதுகாப்புச் சங்கத் தலைவர் வாகிசாகா.

இறங்கினவன் வெளிநாட்டுக்காரன். அரை டவுசர், முதுகில் மூட்டை, ஆகஸ்ட் வெயிலில் வெந்து சிவந்த முகம்.

சற்று முன்னால்தான் வாகிசாகா அவனுக்கு வகுப்பெடுத்திருந்தார். காலை நீட்டக் கூடாது, நிலைப்படியை மிதிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது.

அதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு அவன், மணலுக்கு அந்தப் பக்கம் இருந்த எதிர்த் தாழ்வாரத்தைக் காட்டி, தெரிந்த ஜப்பானியச் சொற்களைக் கோத்துக் கேட்டான். "அந்தப் பெரியவர்... நல்லா இருக்காரா?"

"முதல்ல விரலை மடக்கு," என்றார் வாகிசாகா. "அவர் எங்க தலைமைத் துறவி, கெந்தோ சாமி. தியானத்துல இருக்கார்."

"தூண்ல சாஞ்சிருக்காரே?"

"அது ரொம்ப மேல்நிலை. உனக்குப் புரியாது."

தொமிகோ உருகிப்போனாள். "மூக்கு மேல ஈ உட்கார்ந்திருக்கு, ஒரு அசைவு இல்ல பாருங்க! இந்த ஞானமெல்லாம் இவங்க ஊர்ல ஏது?"

அவன் இன்னொரு தடவை எதிர்ப்பக்கம் பார்த்தான். சட்டென்று குதித்து, மணலில் ஓட ஆரம்பித்துவிட்டான்.

"கோடு! கோடு! டேய், திரும்பி வாடா!"

"செல்ஃபி எடுக்கத்தான் போறான், வேறென்ன? காலைப் பாருங்க, யானை நடந்தமாதிரி பள்ளம்!"

"ஐயோ, சாமியைத் தொடறான்! கன்னத்துல தட்டறான் தலைவரே!"

வாகிசாகா தாழ்வாரத்தின் விளிம்புக்கே போய்விட்டார். ஒரு காலைக் கீழே இறக்கினார். மணலைப் பார்த்தார். காலை இழுத்துக்கொண்டார்.

"நான் சுத்திப் போறேன்!"

சுற்றிப் போவதென்றால் கோயிலின் பின்பக்கமாகப் போகவேண்டும். உள்ளே போடும் செருப்பைக் கழற்றி, முற்றத்துச் செருப்பை மாட்டி, முற்றம் தாண்டி, அதைக் கழற்றி நேராக அடுக்கி வைத்து, புத்தர் சந்நிதியைக் கடக்கும்போது நின்று ஒரு கும்பிடும் போட்டுவிட்டுத்தான் போனார்.

அதற்குள் அவன் சாமியை நிழலில் கிடத்தி, அங்கியைத் தளர்த்தி, தன் பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"மூச்சு இருக்கு. நினைவு இல்ல. ஆம்புலன்ஸ்! சீக்கிரம்!"

வாகிசாகா போனை எடுத்தார். நம்பரைப் பார்க்க மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அவனே பிடுங்கி அமுக்கினான்.

இந்தப் பக்கம் தொமிகோ, காலடிப் பள்ளங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஆதாரம் வேண்டுமே!

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தபோது, "மணல்ல வேணாம், சுத்தி வாங்க, சுத்தி!" என்று கைகாட்டி விட்டதும் அவள்தான்.

வெயில் தாக்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

ஆள் பிழைத்தது தெரிந்ததும் வெளிநாட்டுக்காரன் மூட்டையை மாட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டான். அவன் பெயரை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மறுவாரம் சாமி திரும்பி வந்தார். சங்கமே வாசலில் நின்று குனிந்து வரவேற்றது. வாகிசாகா அவரை நேராகத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார்.

"எல்லாக் கோட்டையும் பழையபடி இழுத்தாச்சு சாமி. புதுப் பலகையும் வெச்சுட்டோம், நாலு பாஷையில!"

'எந்தக் காரணத்துக்காகவும் மணலில் இறங்கக் கூடாது.'

"'எந்தக் காரணத்துக்காகவும்'ங்கறதை மட்டும் சிவப்புல எழுதச் சொன்னது நான்தான்," என்றாள் தொமிகோ. "இனிமே அந்தமாதிரி அசிங்கம் நடக்கவே நடக்காது சாமி."

சாமி பலகையை நிதானமாகப் படித்தார்.

"எழுத்து ரொம்ப அழகா இருக்கு. எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்க. என் ஆசனத்தை இங்கேருந்து எடுத்து, ரோட்டோரமாப் போட்டுடுங்க. அங்கே விழுந்தா தூக்க ஆள் வரும்."