கருவாயனின் கடமை

கருவாயன் என்ற நாய்க்கு, ஊரைக் காப்பது தன் ஒருவன் தலையில்தான் என்று நினைப்பு. சாலையில் போகும் ஒவ்வொரு வண்டியையும் குரைத்து விரட்டும். சோறு இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. ஒருநாள் குரைக்க வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

குளத்துச் சேற்றில் கிடந்த எருமை மூக்காயி, "இங்க வந்து படுடா" என்றது.

"அப்ப அந்தா வர்ற லாரியை யாரு விரட்டுறதுக்கா?"

"படுத்துக்கிட்டே பாரு."

கருவாயன் படுத்தது. லாரி வந்தது, தன்பாட்டுக்குப் போய்விட்டது. பின்னால் வந்த பஸ்ஸும் அப்படியே போனது. கருவாயனுக்கு முதலில் அவமானமாக இருந்தது. பிறகு வயிற்றில் சேறு ஜில்லென்று பட்டதும் கண் சொக்கியது.

தொண்டை சரியான பிறகும் அது தினமும் குளத்துக்கு வந்தது.

"இனி குரைக்கவே மாட்டியா?" என்று மூக்காயி கேட்டது.

"பால்காரன் பைக்கை மட்டும் விடமாட்டேன். அது கடமைக்கு இல்லக்கா, ஆசைக்கு."