தெற்கு பார்த்த பேனல்

வடகரையில் ஜெபசிங்கின் தென்னந்தோப்புக்கு நடுவே, இரும்புத் தாங்கியின் மேல் நின்றது அந்தச் சின்னப் பாய்மரப் படகு. நேவியிலிருந்து ஓய்வு பெற்றபின் அவரே கட்டியது. அடுத்த மாதம் தூத்துக்குடியில் இறக்கி, தனியாக அந்தமான் போகப்போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

படகின் பேட்டரிக்கு சோலார் பேனல் மாட்ட, தென்காசியிலிருந்து பாண்டியராஜ் வந்திருந்தான்.

"தம்பி, நீயாவது சொல்லேன். இதையும் மாட்டிட்டா கிளம்பிருவாவ," என்றபடி காபியை நீட்டினாள் சுஜிதா. பிறகு கணவரைப் பார்த்து, "போகாதீங்கன்னு தெனமும் சொல்லுதேன். காதுல விழுதா?" என்றாள்.

"விழுது," என்றார் ஜெபசிங்.

அவள் உள்ளே போனாள். கடைசி போல்ட்டை இறுக்கிய பிறகுதான் பாண்டியராஜுக்கு உறைத்தது.

"அண்ணாச்சி, தப்புப் பண்ணிட்டேன். வீட்டு மாடியில மாட்டுத பழக்கத்துல, தெக்க பாத்துச் சாய்ச்சு மாட்டிட்டேன். கடல்ல படகு திரும்பிக்கிட்டேல்லா இருக்கும்? சார்ஜ் சரியா ஏறாது. கழத்தி மட்டமா போட்டுத் தாரேன்."

"நீ போன்ல திசை பாக்கும்போதே கவனிச்சேன்லே. அப்படியே இருக்கட்டும்."

"பிறகு கடல்ல என்ன செய்வீய?"

ஜெபசிங் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"படகு இங்கனயேதான் நிக்கும். நான் எங்கயும் போகல. அவகிட்ட மட்டும் சொல்லிராத."

"சொன்னா மதினி சந்தோஷப்படுவாவல்லா?"

"படுவா. நாளையிலேருந்து என்னைப் போகாதீங்கன்னு சொல்ல மாட்டாளே."