ட்ரெயிலரிலிருந்து வெட்டிய பாட்டு

கலியாண வீடியோ எடிட் செய்யும் சுஜீவனின் விரல் மௌஸின்மேல் அப்படியே நிற்கிறது. ஜெனிஸ்ரா மணக்கோலத்தில் மாதா கோவிலுக்குள் நுழையும் காட்சிக்கு, ஏதோ படத்து ட்ரெயிலரிலிருந்து அவன் வெட்டி ஒட்டிய கூட்டுப்பாடல். அது என்ன பாட்டென்று அவள் கேட்கப்போய்த்தான் தேடினான். ட்ரெயிலருக்குக் கீழே யாரோ போட்ட கொமென்டில் விடை கிடக்கிறது: செத்தவர்களுக்கான பூசையில் லத்தீனில் பாடுவது. திரையில் அவளுடைய வெள்ளை முக்காடு அந்தக் குரல்களோடு மெல்ல எழும்புகிறது. பக்கத்துக் கதிரையில் அவள் புதுத் தாலியை விரலில் சுற்றியபடி இருக்கிறாள். “கண்டுபிடிச்சிட்டீங்களோ அண்ணா?” “இல்லைத் தங்கச்சி.” பார்த்த பக்கத்தை மூடுகிறான்; காது சுடுகிறது. “வேற மியூசிக் மாத்திப் போடட்டோ?” “ஐயோ, வேண்டாம்! நீங்கள் முதல் அனுப்பின துண்டைப் பாத்ததிலயிருந்து இவர் தொழிலுக்குப் போகேக்க போனில இதைத்தான் போட்டுக்கொண்டு போறவர். இண்டைக்கும் கேட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போனவர்.”