இல்லை என்பதற்கு ஒரு சாட்சி

"கடவுள் இல்லைன்னு எனக்கு நிரூபிச்சுக் காட்டுங்க டீச்சர். சரியாச் சொல்லலைன்னா, நாளையிலேருந்து நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருக்காது."

நாரின் நகரத்திலிருந்து கட்சி அனுப்பிய தோழர் ஓமுர்பெக், இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஜூரா டீச்சருக்குக் காரணம் புரிந்துவிட்டது. மாமியார் இறந்தபோது அவள் முல்லாவைக் கூப்பிட்டு ஓதவைத்தாள் என்று எந்தப் புண்ணியவானோ போட்டுக்கொடுத்திருக்கிறான்.

போன குளிர்காலத்தில் பக்கத்து ஊர் வாத்தியாரை, வாசலில் நிற்கும் இதே கறுப்பு வண்டியில்தான் ஏற்றிப் போனார்கள். கேட்டால் "வருவார், வருவார்" என்கிறார்கள். அவர் பெண்டாட்டி இன்னும் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

தோழருக்கும் அவருடைய வண்டியோட்டிக்கும் ரொட்டியும் உப்புத் தேநீரும் வைத்தாள். வண்டியோட்டி என்னடாவென்றால், வாசலுக்கு எதிரே, ஸ்டாலின் படத்துக்குக் கீழே, வீட்டுக்கு வரும் பெரிய மனிதர்கள் உட்காரும் இடத்தில் போய்ச் சப்பணமிட்டுவிட்டான். ஓமுர்பெக்கோ கதவோரம், குளிர் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். காலம் கெட்டுப்போச்சு என்று ஜூரா மனதுக்குள் திட்டினாள்.

"முல்லா பக்கம் நான் பேசறேன். நீங்க மடக்குங்க" என்றார் ஓமுர்பெக். "ஒரு கூடாரத்தைப் பாத்தா, இதைக் கட்டினவன் ஒருத்தன் இருக்கான்னு சொல்றோம். அப்ப அதோ அந்த மலையைக் கட்டினவன்?"

"கூடாரம் கட்டறவனை நான் பாத்திருக்கேன் தோழர். மலை கட்டறவனை யாரு பாத்தா? அப்படியே ஒருத்தன் கட்டினான்னா, அவனைக் கட்டினது யாரு?"

"ஊரு உலகமே கும்பிடுதே, அத்தனை பேரும் முட்டாளா?"

"ஊரு உலகமே ஒரு காலத்துல பூமி தட்டைன்னுதான் சொல்லிச்சு."

வண்டியோட்டி தேநீரை உறிஞ்சினான். ஓமுர்பெக் தலையை ஆட்டினார். "இதெல்லாம் புத்தகத்துல இருக்கு. கிளிகூடச் சொல்லும். உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

ஜூராவுக்குச் சுருக்கென்றது. அதுவரை இருந்த பயம் எங்கே போனதோ தெரியவில்லை.

"மனசுல இருக்கறதா? கேளுங்க. அய்சுலூன்னு எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. நாலு வயசு. தொண்டை அடைச்சுக்கிச்சு. மூச்சு விட முடியாம என் மடியில கெடந்து துடிச்சா. டாக்டர் வர்றதுக்குப் பாதை இல்ல, பனி மூடிடுச்சு. அந்தக் கடவுள்கிட்ட நான் கெஞ்சாத கெஞ்சல் இல்ல, வைக்காத நேர்ச்சை இல்ல. என்னை எடுத்துக்கோன்னு தரையில முட்டிக்கிட்டேன். அவன் காதுல விழல."

"அது அவன் வைக்கிற சோதனைன்னு முல்லா சொல்லுவார்" என்றார் ஓமுர்பெக். 

"என்னைச் சோதிக்கணும்னா என்னைச் சோதிக்கட்டுமே! அதுக்கு ஒரு பச்சப்புள்ளயவா பிடிக்கணும்? காப்பாத்த முடியலன்னா அவன் பெரியவன் இல்ல. முடிஞ்சும் சும்மா பாத்துக்கிட்டு இருந்தான்னா நல்லவன் இல்ல. ரெண்டுல ஒண்ணு இல்லாதவனை நான் எதுக்குத் தோழர் கடவுள்னு கூப்பிடணும்? முல்லாவைக் கூட்டிட்டு வந்தது மாமியாரோட தங்கச்சி. நான் அன்னிக்கு அந்தப் பக்கமே போகல."

சொல்லி முடித்துவிட்டு ஓவென்று அழுதாள். அதற்கு மேல் நிரூபிக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

ஓமுர்பெக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. சாவுச் செய்தி காதில் விழுந்தால் அந்த மலைக்காரர்களுக்குப் பிரார்த்தனைக்குக் கை தானாக எழும், அவருக்கும் எழுந்தது.

"புள்ள மேல கெடக்கற மண்ணு பட்டு மாதிரி இருக்கட்டும் தங்கச்சி. சொர்க்கத்துல இருப்பா. ஆமீன்" என்று, இரண்டு உள்ளங்கைகளாலும் நெற்றியிலிருந்து மோவாய் வரை முகத்தை வழித்துக்கொண்டார்.

அட, நல்ல மனுஷனாக இருக்கிறாரே என்று ஜூராவுக்கு உயிர் வந்தது. இவர் தன்னைக் கூட்டிப் போக மாட்டார். முக்காட்டுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றப் போனாள்.

ஓமுர்பெக் கோப்பையை நீட்டவில்லை. அவர் கைகள் மோவாயிலேயே நின்றுவிட்டன. முகம் வெளுத்துப்போய், எதிரே ஸ்டாலின் படத்துக்குக் கீழே இருந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியோட்டி அன்று முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"பரீட்சை டீச்சருக்கு இல்ல தோழர். எந்திரிங்க, போகலாம்."