பக்கத்து வீட்டுச் சாணி கேஸ்

"எங்க மாட்டுச் சாணியில அவ நோகாம காபி போட்டுக் குடிப்பாளாக்கும்!"

ஒச்சாயி சாணிக் கூடையைத் தொப்பென்று சுவரோரம் போட்டுவிட்டு வரட்டி தட்ட உட்கார்ந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், கொழுந்தன் வீட்டுக் கொல்லையில் கொத்து வேலை முடிந்து சாண எரிவாயுத் தொட்டி தயாராக நின்றது. சாணியைக் கரைத்து ஊற்றினால் போதுமாம். அடுப்பு நீலமாக எரியுமாம். புகையே கிடையாதாம். வாடிப்பட்டிப் பக்கத்தில் அந்த ஊருக்கு அதுதான் முதல் தொட்டி.

அது ஓரகத்தி ஜெயக்கொடிக்கு வாய்த்ததுதான் ஒச்சாயிக்குப் பொறுக்கவில்லை. பாகம் பிரித்தபோது ஆளுக்கு ரெண்டு மாடு வந்தது. மாட்டுத் தொழு மட்டும் பொது. அப்போது மூண்ட சண்டையில் ரெண்டு பெண்களுக்கும் பேச்சு நின்று போயிருந்தது.

"தம்பிதான கேக்குறான். நம்ம சாணியையும் சேத்துக் கரைச்சா என்ன கொறஞ்சு போகும்?" என்றார் கணவர் நல்லகாமன்.

"நீங்க சும்மா இருங்க. நான் ஈர வெறகை ஊதி ஊதிச் சாகணும். அவ மகாராணியாட்டம் தீக்குச்சிய ஒரசி..."

இருமல் வந்து மறித்தது. ஆத்திரம் நிற்கவில்லை.

ஊரே வந்து தொட்டியைப் பார்த்தது. போகிறபோது, "ஒன் ஓரகத்தி கெட்டிக்காரிதான்" என்று ஒச்சாயியிடமே சொல்லிவிட்டுப் போனது. அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அடுப்பு கொண்டுவந்த யூனியன் ஆபீஸ் ஜீப்பைத் தெருமுனையிலேயே மறித்தாள்.

"சார், தொழுவுல நாலு மாடு பாத்தீங்கள்ல? அதுல ரெண்டு எங்களுது. எல்லாம் தன் மாடுன்னு காட்டி உங்கள ஏமாத்திருக்கா."

அதிகாரி கீழே இறங்கினார். "நாலு மாட்டுச் சாணியும் கிடைக்கும்னு நம்பித்தானம்மா அம்புட்டுப் பெரிய தொட்டி கட்டினோம். நீங்க தர மாட்டீங்களா?"

"ஒரு கூடைகூடத் தர மாட்டேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு டிரைவரிடம் திரும்பினார். "அப்ப ஒரு அடுப்ப மட்டும் இறக்குப்பா. இன்னொண்ணு வண்டியிலயே இருக்கட்டும்."

"ரெண்டு அடுப்பா? அவ பேராசையப் பாத்தீங்களா சார்!"

ஜீப் சத்தம் கேட்டு ஜெயக்கொடி ஓட்டமும் நடையுமாக வந்தாள். வண்டிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒச்சாயியை அவள் கவனிக்கவில்லை.

"சார், வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிர்றேன். ரெண்டாவது அடுப்பு அக்காவுக்குன்னு நாந்தான் கேட்டேன்னு சொல்லிராதீங்க. கவர்மெண்டே குடுக்குதுன்னு சொல்லுங்க. நான் குடுத்தா வாங்க மாட்டாக. அவுக புகையில இருமுறது சுவத்தத் தாண்டிக் கேக்குது சார். எனக்கு இங்க சோறு எறங்கல."

அதிகாரி திரும்பி ஜீப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

ஒச்சாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். ஜெயக்கொடியை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நான் சொன்னத மனசுல வச்சுக்கிறாதீங்க சார். நாலும் ஒரே வீட்டு மாடுதான்."